கடலில் கொட்டிய மீனுக்குக் கணக்கு எழுதுவது யார்?

நீலகிரி மாவட்டத்தில், முதுமலைக் காட்டுக்குள் மாயாற்றங்கரையில் இருக்கும் தெப்பக்காடு, யானை முகாமினால் பலருக்கும் தெரிந்த ஊர். கூடலூரிலிருந்தும் மசினகுடியிலிருந்தும் வரும் சாலைகள் இங்கே கூடி, பந்திப்பூர் வழியாக மைசூர் நோக்கிச் செல்கின்றன. சரக்கு லாரிகளுக்கு இது பழைய பாதை.

லாரி ஓட்டுநரிடம் ஒரு டிரிப் ஷீட் இருக்கும். ஏற்றிய மூட்டை, புறப்பட்ட நேரம், ஊற்றிய டீசல், வழியில் கட்டிய பணம் எல்லாம் அதில் பதிவாகும். சக்கரத்தில் அடிபட்ட மான் மட்டும் பதிவாகாது. ஓட்டுநர் மறைத்தார் என்று சொல்ல முடியாது. அந்தத் தாளில் அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது. மேலும், மான் மோதினால் பம்பர் நெளியும், அவருக்குத் தெரியும். தவளை நசுங்கினால் அவருக்கே தெரியாது.

முதுமலைச் சாலைகளில் அடிபட்டுச் சாகும் உயிர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2010ல் வெளியாயிற்று. ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பச் சாலையைப் பார்வையிட்டு, கிடந்தவற்றை இனம் பிரித்து எண்ணினார்கள். முதலிடத்தில் இருந்தவை தவளை இனங்கள். அடுத்து பாம்பு, ஓணான் போன்ற ஊர்வன. ஊரார் பேச்செல்லாம் யானை, புலி, மான் பற்றியே இருக்க, சாலையில் கிடந்தவை பெரும்பாலும் யாரும் பேசாதவை. பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களை நிறுத்த 2009ல் கர்நாடகத்தில் உத்தரவானதும், 2010ல் அம்மாநில உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்ததும் விவசாயிகள் அறிந்ததே.

வண்டி ஓட்டுகிறவர் எழுதும் கணக்கு வேறு, சாலையில் நின்று பார்ப்பவர் எழுதும் கணக்கு வேறு என்பது இதிலிருந்து விளங்கும். கடலில் மீன் பிடிக்கும் பெரிய கப்பல்களிலும் இதே சிக்கல் உண்டு. அதற்குத் தீர்வாக, கப்பலிலேயே ஒரு வெளி ஆளை ஏற்றி அனுப்பும் முறை உலகின் பல கடல்களில் நடைமுறையில் இருக்கிறது. அந்த முறை எப்படி வந்தது, எங்கே பலித்தது, எங்கே தவறுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நிலத்தில் உழைப்பவர்களுக்கும் பயன்படும்.

கழிசல் என்பது என்ன?

இழுவலை என்பது கடலடியைத் தடவிக்கொண்டு போகும் பெரிய பை போன்ற வலை. இறாலுக்காக அதை இழுத்தாலும், இறால் மட்டும் அதில் ஏறுவதில்லை. சிறு மீன், நண்டு, குஞ்சு மீன், கடற்பாம்பு, சிப்பி என்று எதிரில் வந்த எல்லாம் மடிக்குள் போகும். இறால் ஒரு கூடை என்றால் மற்றவை பல கூடை இருப்பது சாதாரணம். விலை போகும் மீனைப் பொறுக்கிக்கொண்டு, மீதியைக் கடலில் தள்ளிவிடுவார்கள். தள்ளும்போது அவற்றில் பெரும்பாலானவை செத்திருக்கும்.

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2019ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2010 முதல் 2014 வரையான காலத்தில் உலகக் கடல்களில் இப்படித் திருப்பிக் கொட்டப்பட்டது ஆண்டுக்குச் சுமார் 91 லட்சம் டன். பிடித்ததில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கடலடி இழுவலைகளின் கணக்கு.

தமிழகக் கரையில் நிலைமை சற்று மாறிவிட்டது. முன்பு கொட்டியதை இப்போது பெரும்பாலும் கரைக்கே கொண்டுவருகிறார்கள். கழிசல், சங்காயம் என்று பெயர் சொல்லி அதை உலர்த்தி, மீன் தூளாக்கி, கோழித் தீவன ஆலைகளுக்கு அனுப்புகிறார்கள். கோழி வளர்ப்போர் வாங்கும் தீவன மூட்டையில், நாளைக்குப் பெரிதாகிச் சந்தைக்கு வந்திருக்க வேண்டிய சங்கராக் குஞ்சும் அரைபட்டிருக்கக்கூடும். விதை நெல்லைக் குத்திச் சாப்பிடுவதற்கு ஒப்பான காரியம் இது.

கரையில் எண்ணினால் போதாதா?

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1947ல் தொடங்கி, பின்னர் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டது. அதன் கணக்கெடுப்பாளர்கள் பல ஆண்டுகளாக மீன் இறங்கு தளங்களில் நின்று, எந்தப் படகு எவ்வளவு கொண்டுவந்தது என்று குறித்து வருகிறார்கள். நாட்டின் கடல் மீன் உற்பத்தி பற்றி நாம் படிக்கும் எண்களுக்கு அந்த உழைப்பு பெரிய ஆதாரம்.

ஆனால் கரையில் நின்று எண்ணினால் கரைக்கு வந்ததுதான் தெரியும். களத்து மேட்டில் நெல்லை அளந்தால் வீட்டுக்கு வந்த நெல் தெரியும். காட்டுப் பன்றி தின்றதும், மழையில் சாய்ந்து முளைத்ததும், அறுப்பில் உதிர்ந்ததும் களத்தில் தெரியுமா?

2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதை அடுத்த பகுதிகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு மீனைப் போலச் செவுள் கிடையாது. நுரையீரலால் மூச்சு விடும் பிராணி அது. அடிக்கடி மேலே வந்து காற்றை இழுத்துக்கொண்டு போக வேண்டும். வலைக்குள் சிக்கி நெடுநேரம் நீருக்கடியில் இருந்தால் மூச்சு முட்டிச் சாகும். ஒதுங்கிய ஆமைகளை எண்ண முடிந்ததற்குக் காரணம், கரையில் நடந்து பார்க்கும் வனத்துறையினரும் தன்னார்வலர்களும். சென்னையில் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் இந்தக் கரையில் இரவு நடை நடந்து வருகிறது. எனினும் காற்றும் நீரோட்டமும் கரைக்குத் தள்ளிய ஆமையைத்தான் எவரும் எண்ண முடியும். ஆழத்தில் மூழ்கியது எத்தனை? எந்தப் படகின் வலை? எத்தனை மைல் தூரத்தில்? செத்த ஆமை இதற்குப் பதில் சொல்லாது.

பதில் இல்லாத இடத்தில் பழி எல்லார் தலையிலும் விழும். விதிப்படி தொலைவில் போய் மீன் பிடித்தவரும், கரையை ஒட்டி வலை இழுத்தவரும் ஒரே கூட்டமாகக் குற்றவாளி ஆகிறார்கள். ஆமைக்கு வழி விடும் கருவி வலையில் பொருத்தாத நாடுகளிலிருந்து கடல் இறால் வாங்குவதில்லை என்று அமெரிக்கா 1989லேயே சட்டம் செய்தது. அந்தச் சட்டத்தால் இந்தியக் கடல் இறால் ஏற்றுமதி அண்மை ஆண்டுகளில் அடிபட்டது. அந்தத் தடை படகு பார்த்து வருவதில்லை, நாடு பார்த்து வருகிறது.

ஓங்கில்கள் பிழைத்த கதை

கப்பலில் ஆள் ஏற்றும் முறையின் பலனை அறிய, பசிபிக் பெருங்கடலின் கிழக்குப் பகுதிக்குப் போக வேண்டும்.

அங்கே பெரிய மஞ்சள் துடுப்புச் சூரை மீன்கள், ஓங்கில் எனப்படும் டால்பின் கூட்டத்துக்கு அடியில் சேர்ந்து நீந்துகின்றன. ஓங்கில் மூச்சு விட மேலே துள்ளும். அதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். ஆகவே ஓங்கில் கூட்டத்தைக் கண்டால் விரைவுப் படகுகளை விட்டு மடக்கி, சுருக்குமடி வலையைச் சுற்றிலும் போட்டு, அடியில் கயிற்றைச் சுருக்கிச் சூரையைப் பிடித்தார்கள். சூரையோடு ஓங்கில்களும் உள்ளே மாட்டிக்கொண்டன. 1960களில் ஆண்டுக்கு லட்சக் கணக்கில் செத்தன.

1972ல் அமெரிக்கா கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் இயற்றியது. அதையொட்டி அமெரிக்கக் கப்பல்களில் கண்காணிப்பாளர்கள் ஏறத் தொடங்கினார்கள். வெப்ப மண்டலச் சூரை மீன் பற்றிய பல நாட்டு ஆணையம் ஒன்று 1979ல் பிற நாட்டுக் கப்பல்களிலும் ஆள் வைக்க ஆரம்பித்தது. முதலில் சில பயணங்களில் மட்டுமே. 1986ல்கூட ஒரே ஆண்டில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஓங்கில்கள் மடிந்ததாக மதிப்பிடப்பட்டது.

திருப்பம் 1992ல் வந்தது. கலிபோர்னியாவின் லா ஹோயா நகரில் நாடுகள் கூடி ஒப்பந்தம் செய்துகொண்டன. பெரிய சுருக்குமடிக் கப்பல் எதுவும் கண்காணிப்பாளர் இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது. ஓங்கில் சாவுக்கு ஒவ்வொரு கப்பலுக்கும் தனித்தனி வரம்பு. வரம்பு முடிந்தால் அந்த ஆண்டு முழுவதும் அந்தக் கப்பல் ஓங்கில் கூட்டத்தின் மேல் வலை போடக் கூடாது. 1993ல் சாவு நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆண்டுக்கு இரண்டாயிரத்தையும் விடக் குறைந்தது.

ஒரு லட்சத்து முப்பதாயிரம் எங்கே, இரண்டாயிரம் எங்கே! இதில் கவனிக்க வேண்டியது, வரம்பு கப்பல் வாரியாக இருந்ததுதான். மொத்தக் கடலுக்கும் ஒரே வரம்பு என்றால், ஒருவர் கவனமாக வலை போட்டும் பலன் இல்லை. பக்கத்துக் கப்பல்காரர் அவர் பங்கையும் சேர்த்துத் தீர்த்துவிடுவார். கால்வாய்த் தண்ணீரை முறை வைக்காமல் விட்டால் தலைமடைக்காரர் என்ன செய்வார் என்பது கடைமடை விவசாயிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. முறை வைக்க வேண்டுமானால் மடை மடையாகப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். நீர்க்கட்டி செய்யும் அந்த வேலையைத்தான் கடலில் கண்காணிப்பாளர் செய்தார்.

இன்னொரு நன்மையும் விளைந்தது. எந்த மாதிரி வலை போட்டபோது சாவு அதிகம் என்று குறிப்புகளிலிருந்து தெரிந்தது. பொழுது சாயும் நேரத்தில் போட்ட வலையில் இருட்டு சேர்ந்துகொள்ளும். ஓங்கிலை வெளியே விடும் வேலை தடுமாறும். ஆகவே அந்த நேரத்து வலைக்குத் தடை வந்தது. வலையைப் போட்ட பிறகு கப்பலைப் பின்னால் ஓட்டினால் வலையின் மேல் விளிம்பு நீருக்குள் அமிழும். அந்த வழியே ஓங்கில்கள் நழுவிப் போகும். சூரை அடியிலேயே இருக்கும். இந்த வித்தையில் கைதேர்ந்த கேப்டன் யார், பயிற்சி வேண்டியவர் யார் என்பதும் எண்ணிக்கையில் தெரிந்துவிட்டது. சூரை பிடிப்பு நிற்கவில்லை. கைப்பக்குவம் மாறியது.

மண் மாதிரி எடுப்பது போல

கண்காணிப்பாளர் கப்பலில் என்ன செய்கிறார்? சிலர் நினைப்பது போல அவர் போலீஸ்காரர் இல்லை. கைது செய்யவோ, வலையை நிறுத்தவோ அவருக்குப் பொதுவாக அதிகாரம் கிடையாது. பார்ப்பதும் எண்ணுவதும் அளப்பதும் எழுதுவதுமே அவர் வேலை.

ஒவ்வொரு பாட்டுக்கும் வலை இறங்கிய நேரம், ஏறிய நேரம், இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை, ஆழம் ஆகியவற்றை எழுதுகிறார். ஆயிரங்கால் தூண்டில் கப்பலானால் எத்தனை தூண்டில் முள், என்ன இரை என்று குறிக்கிறார். டெக்கில் மீன் கொட்டியதும் இனம் பிரிக்கிறார். அளவுப் பலகையில் வைத்து மீனின் நீளம் பார்க்கிறார். வயதறியக் காதுக்குள் இருக்கும் சிறு கல்லை எடுத்துப் பத்திரப்படுத்துவதும் உண்டு. மரத்தில் வளையம் எண்ணுவது போல அந்தக் கல்லில் வளையம் எண்ணி மீனின் வயதைச் சொல்லிவிடலாம். கடலில் திருப்பிக் கொட்டியது எவ்வளவு, எது உயிரோடு போயிற்று, எது செத்துப் போயிற்று என்பதும் அவர் ஏட்டில் ஏறும்.

டன் கணக்கில் விழும் மீனை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. ஆகவே மாதிரி எடுக்கிறார். இங்கே விவசாயிகளுக்குப் பழக்கமான ஒரு காரியம் நினைவுக்கு வரும். மண் பரிசோதனைக்கு மண் எடுக்கும்போது வயலில் வளைந்து வளைந்து நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில ‘வி’ போலக் குழி வெட்டி மண் சேர்க்கிறோம். வரப்போரம், மர நிழல், எருக் குவித்த இடம் ஆகியவற்றைத் தவிர்க்கிறோம். சேர்ந்த மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர்ப் பாகங்களைக் கழித்து, அரைக் கிலோவாகக் குறைக்கிறோம். எருக் குவித்த இடத்து மண்ணை மட்டும் அனுப்பினால் அட்டை நன்றாக வரும். பயிர் நன்றாக வராது.

கப்பலிலும் அப்படியே. மேலே கிடக்கும் பெரிய மீன்களை மட்டும் கூடையில் அள்ளினால் கணக்கு பொய்யாகும். குவியலின் பல பக்கத்திலிருந்தும், முதலில் விழுந்ததும் கடைசியில் விழுந்ததும் கலக்கும்படி அள்ள வேண்டும். அள்ளும் கை கண்காணிப்பாளருடையதாக இருக்க வேண்டும். கப்பல் ஆட்கள் அள்ளிக் கொடுத்ததை எடை போட்டு எழுதினால் அது பாதி வேலைதான்.

கப்பல் கேப்டன் எழுதும் பதிவேடும் தேவையே. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கணக்கு உறுதிப்படும். தெப்பக்காடு முகாமில் ஒவ்வொரு யானைக்கும் ராகி, கொள்ளு, அரிசி என்று அளவு குறித்துச் சமைத்த உணவு தருகிறார்கள். அதோடு விடாமல் யானைகளைத் தொரப்பள்ளியில் உள்ள லாரி எடை மேடைக்கு நடத்திச் சென்று எடையும் பார்க்கிறார்கள். கொடுத்த தீனி ஒரு கணக்கு, ஏறிய உடம்பு ஒரு கணக்கு.

நூற்றுக்கு ஐந்து

இந்துமாக் கடலில் சூரை மீன் பிடிப்பை ஒழுங்கு செய்ய 1996ல் ஏற்பட்ட ஆணையத்தில் இந்தியாவும் உறுப்பு நாடு. 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பல்களிலும், அதைவிடச் சிறியதானாலும் சொந்த நாட்டுக் கடல் எல்லையைத் தாண்டிப் பிடிக்கும் படகுகளிலும், மீன்பிடிச் செயல்களில் குறைந்தது நூற்றுக்கு ஐந்தையாவது கண்காணிப்பாளர் பார்க்க வேண்டும் என்று இந்த ஆணையம் 2009ல் தொடங்கி விதி செய்து வருகிறது. கரைக்கு வரும் சிறு படகுகளின் பிடிப்பைத் துறையில் நின்று மாதிரி எடுக்கவும் விதி உண்டு. ஐந்து சதவீதத்தைக்கூட எட்டாத நாடுகள் பல.

ஐந்து போதுமா என்பது பெரிய விவாதம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அது கிளறிய பானைக்குப் பொருந்தும். வழக்கமாகப் பிடிபடும் சூரைக்கு ஐந்து ஓரளவு போதலாம். நூறு பாட்டில் ஒரு முறை சிக்கும் ஆமைக்கும் திமிங்கிலத்துக்கும் ஐந்து போதாது. பார்க்காத தொண்ணூற்றைந்தில் அது நடந்திருந்தால் ஏட்டில் சுழியம்தான் இருக்கும்.

எந்தப் பயணத்துக்கு ஆள் போவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதும் பெரிய கேள்வி. கப்பல் முதலாளி முடிவு செய்தால் நல்ல கப்பலும் அமைதியான கடலும் தேர்வாகும். ஆள் இருக்கும் பயணத்தில் கேப்டன் ஒழுங்காக நடந்து, ஆள் இறங்கிய பிறகு பழைய வழிக்குத் திரும்புவதும் நடக்கிறது. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் பள்ளிக்கூடம் சுத்தமாக இருப்பது போலத்தான். இதனால்தான் மேற்கு, மத்திய பசிபிக்கின் தீவு நாடுகள் 2010 முதல் தங்கள் கடலில் சுருக்குமடிக் கப்பல் ஒவ்வொன்றும் எல்லாப் பயணத்திலும் ஆளோடுதான் வர வேண்டும் என்றன. கிரிபாட்டி, சாலமன் தீவுகள், பப்புவா நியூகினி போன்ற இடங்களின் இளைஞர்கள் இந்த வேலைக்குப் பயிற்சி பெற்றார்கள். சிறிய நாடுகள், கப்பல்களோ பணக்கார நாடுகளுடையவை. கணக்கு தங்கள் கையில் இருந்ததால், கடலில் பிடிக்கும் நாளுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்க அவர்களால் முடிந்தது.

சம்பளம் யார் கையால் வருகிறது என்பதும் பார்க்கத்தக்கது. கப்பல் முதலாளி நேராகக் கொடுத்தால் அடுத்த பயணமும் அவர் தயவில்தான். முதலாளி கட்டும் தொகை பொது நிதிக்குப் போய், அங்கிருந்து சம்பளம் வருவது நல்லது.

கடலில் தனி ஆள்

இது சுகமான வேலை இல்லை. இருபது முப்பது பேர் வேலை செய்யும் கப்பலில், அவர்களின் தவறுகளை எழுத வந்தவர் ஒருவர் மட்டும். வாரக் கணக்கில் கரை தெரியாது. மொழி வேறு, சாப்பாடு வேறு. வலை நடு இரவில் ஏறினால் அப்போதே எழ வேண்டும். கேப்டன் கோபித்தால் போய் முறையிட அங்கே தாசில்தார் அலுவலகம் இல்லை.

2015ல் அமெரிக்கக் கண்காணிப்பாளர் ஒருவர் பெரு நாட்டுக்கு அப்பால், பசிபிக் கடலில் கப்பலிலிருந்தே காணாமல் போனார். 2020ல் கிரிபாட்டியைச் சேர்ந்த ஒருவர் சூரைக் கப்பலில் தம் அறையில் இறந்து கிடந்தார். மேற்கு பசிபிக் ஆணையம் 2016ல் ஒரு விதி செய்தது. கண்காணிப்பாளர் காணாமல் போனாலோ கடலில் விழுந்ததாகத் தோன்றினாலோ கப்பல் உடனே மீன் பிடிப்பதை நிறுத்தி, குறைந்தது 72 மணி நேரம் தேட வேண்டும். அவர் கையில் தனியாகச் செய்தி அனுப்பும் கருவி இருக்க வேண்டும் என்பதும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. உண்மை எழுதுகிறவருக்கு ஊர் திரும்பும் நம்பிக்கை இல்லாவிட்டால் ஏட்டில் உண்மை இராது.

நம் கடலில்

வெளிநாட்டுக் கப்பல்கள் இந்தியக் கடலில் மீன் பிடிப்பதை ஒழுங்கு செய்ய 1981ல் சட்டம் வந்தது. 1991ல் வெளிநாட்டுக் கூட்டுக் கம்பெனிகளின் கப்பல்களை அனுமதிக்கும் கொள்கை வந்தபோது மீனவர்கள் நாடெங்கும் கிளர்ச்சி செய்தார்கள். முராரி கமிட்டி அமைந்தது. பின்னர் 2002ல் அனுமதிக் கடிதம் என்ற பெயரில் வேறொரு ஏற்பாடு வந்து, 2017ல் கைவிடப்பட்டது. இந்தச் சண்டைகளிலெல்லாம் மீனவர்கள் கேட்ட கேள்விகளில் ஒன்று: இந்தக் கப்பல்கள் உண்மையில் எவ்வளவு பிடிக்கின்றன? கம்பெனி சொன்ன எண்ணை மீனவர் நம்பவில்லை. இரு தரப்பும் ஏற்கும்படி, எல்லாக் கப்பலிலும் ஏறிப் பார்த்த மூன்றாவது ஏடு இருந்திருந்தால் வழக்கு பாதி சுருங்கியிருக்கும்.

2025 நவம்பரில் மத்திய அரசு பொருளாதாரக் கடல் மண்டலத்துக்குப் புதிய விதிகளை வெளியிட்டது. எந்திரப் படகுகளுக்கும் பெரிய மோட்டார் படகுகளுக்கும் அனுமதிச் சீட்டு, நாட்டுப் படகுகளுக்கு விலக்கு, விளக்கு வெளிச்சத்தில் பிடிப்பதற்கும் ஜோடி இழுவலைக்கும் தடை, கூட்டுறவுச் சங்கங்களுக்கு முன்னுரிமை என்பன அவற்றில் சில.

நம் ஆழ்கடல் மீன்பிடிப்பு பெரிய கப்பல்களால் நடப்பதல்ல. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பகுதி மீனவர்கள் பெயர் பெற்ற தூண்டில்காரர்கள். சுறாவுக்கும் சூரைக்கும் வாரக் கணக்கில் அரபிக் கடலிலும் அதற்கு அப்பாலும் போகிறார்கள். அவர்கள் படகில் ஆட்களே நெருக்கிப் படுக்கிறார்கள். கண்காணிப்பாளருக்கு ஒரு பாய் விரிக்கவும் இடம் தேட வேண்டும். இத்தகைய படகுகளுக்காகக் கேமரா வைத்துப் படம் எடுத்து, கரையில் உட்கார்ந்து பார்க்கும் முறை வந்திருக்கிறது. இந்துமாக் கடல் ஆணையமும் 2023ல் அதற்குத் தர அளவுகள் வகுத்தது. கேமராவுக்குச் சாப்பாடு வேண்டாம், மிரட்டினால் பயப்படாது. ஆனால் கண்ணாடியில் உப்புப் படிந்தால் ஒன்றும் தெரியாது. மீனின் காதுக் கல்லை எடுத்துத் தராது. படம் யாருக்குச் சொந்தம், யார் பார்க்கலாம் என்பதை மீனவர் சங்கத்தோடு பேசி எழுதிக்கொள்ளாமல் படகில் கேமரா பொருத்துவது நியாயமாகாது.

வயலில் நிற்கும் கண்காணிப்பாளர்

இந்த முறை நிலத்துக்குப் புதிதல்ல. பயிர்க் காப்பீட்டில் இழப்பீடு எவ்வளவு என்பது பெரும்பாலும் பயிர் அறுவடைப் பரிசோதனையை வைத்தே தீர்மானமாகிறது. கிராமத்தில் சில வயல்களைக் குலுக்கல் எண் முறையில் தேர்ந்தெடுத்து, நெல்லானால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து, அறுத்து, அடித்து, தூற்றி, எடை போடுகிறார்கள். அந்தச் சில சதுரங்களின் எடைதான் ஊர் முழுவதற்கும் விளைச்சல். நிர்ணயித்த அளவுக்குக் குறைந்தால் இழப்பீடு, குறையாவிட்டால் இல்லை.

கடலில் கற்ற பாடத்தை இங்கே வைத்துப் பார்க்கலாம். முதலில், எந்தச் சர்வே எண் வயல் தேர்வானது என்று கிராம நிர்வாக அலுவலரிடமோ வேளாண்மை உதவி அலுவலரிடமோ முன்கூட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த வயலுக்குப் பதில் சாலையோரமாக, போய்வர வசதியான வயலை அறுத்தால் அது எருக் குவித்த இடத்து மண்ணை எடுத்தது போலாகும். வயலுக்குள் சதுரம் எங்கே விழ வேண்டும் என்பதும் எண் பார்த்துத்தான். ‘இந்த மூலையில் கதிர் நன்றாக இருக்கிறது, இங்கேயே அறுக்கலாம்’ என்று யாரும் சொல்லக் கூடாது. விவசாயி ‘இந்த மூலை பதராகக் கிடக்கிறது, இங்கே அறுங்கள்’ என்று இழுப்பதும் அதே தவறு. முளை அடித்துக் கயிறு கட்டும்போது நான்கு பக்கமும், மூலைக்கு மூலையும் அளந்து பார்க்க வேண்டும். மூலை கோணினால் பரப்பு மாறும்.

எடை போடும்போது ஊர் விவசாயிகள் இரண்டு மூன்று பேர் உடன் நிற்பது நல்லது. தராசு சுழியத்தில் நிற்கிறதா, சாக்கின் எடை கழிக்கப்பட்டதா, ஈர நெல்லானால் உலர்த்திப் பார்க்க மாதிரி எடுத்தார்களா என்று பார்த்து, எடையையும் தேதியையும் தங்கள் நோட்டில் அப்போதே எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு நினைவிலிருந்து எழுதியது சபையில் நிற்காது.

தெப்பக்காட்டை அடுத்த மசினகுடி போன்ற ஊர்களில் யானை மிதித்த பயிருக்கு இந்தச் சதுரக் கணக்கு உதவாது. ஒரு வயலில் நேர்ந்த சேதம் ஊர் சராசரியில் கரைந்துவிடும். 2025 நவம்பரில் மத்திய அரசு, வனவிலங்கால் நேரும் பயிர்ச் சேதத்தையும் தனி வயல் இழப்பாகக் காப்பீட்டில் சேர்ப்பதாகவும், 2026 காரிப் பருவத்திலிருந்து அது நடைமுறைக்கு வருமென்றும் அறிவித்தது. எந்த மாவட்டம், எந்த விலங்கு என்பதை மாநில அரசு அறிவிக்க வேண்டும். ஆகவே காப்பீட்டுக்குப் பணம் கட்டும்போதே தம் ஊரும் பயிரும் அந்த அறிவிப்பில் உண்டா என்று கேட்டுக்கொள்வது அவசியம். உண்டென்றால், சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் இடக்குறியோடு கூடிய படத்துடன் கைப்பேசிச் செயலி வழியாகத் தெரிவிக்க வேண்டும். படம் எடுக்குமுன் சாய்ந்த வாழையை நிமிர்த்துவதோ, மிதிபட்ட இடத்தை உழுவதோ கூடாது. யானையின் காலடியும் சாணமும் தெரிய ஒரு படம், வயல் முழுவதும் தெரிய ஒரு படம், எல்லைக் கல்லோ பக்கத்து மரமோ தெரிய ஒரு படம் எடுத்து, வனக்காவலரையும் பக்கத்து வயல்காரரையும் அழைத்துக் காட்டி, அவர்கள் பார்த்த நேரத்தைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.